கீழ்வீட்டு ஆன்ட்டியின் தூக்குப்போசி

முப்பத்திரண்டு வயதில் மறுபடியும் கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, நாகர்கோவிலிலிருந்து அம்மா ஃபோனில் கேட்ட முதல் கேள்வி, "அப்போ பிளஸ் டூல விழுந்து விழுந்து படிச்சதெல்லாம் செல்லாதா?" என்பதுதான்.

செல்லாது. இந்தியாவில் வாங்கிய இன்ஜினியரிங் பட்டம், டெக்ஸாஸில் வாங்கிய எம்.எஸ்., சான்டா கிளாராவில் வருஷக்கணக்காக சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது, எதுவுமே செல்லாது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு அப்ளை பண்ண வேண்டுமானால் கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் எல்லாவற்றையும் இங்கே ஒரு கல்லூரியில் லேபோடு உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். வேறு ஏதோ படித்துவிட்டுத் தாமதமாக வழி மாறி வருகிறவர்களுக்கென்றே இரண்டு வருடப் படிப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். போஸ்ட்-பேக் என்பார்கள். அதை முடித்தால் டாக்டர் ஆகிவிட முடியாது. டாக்டருக்குப் படிக்க இடம் கேட்கும் தகுதி வரும், அவ்வளவுதான். இதை அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கே அந்தப் படிப்பின் மேல் பாதி நம்பிக்கை போய்விட்டது. அம்மா கடைசியில், "சரி, நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

ஏன் இந்த வயதில் இது என்று கேட்காதவர்கள் இல்லை. பிளஸ் டூவில் கட்ஆஃப் கொஞ்சம் குறைந்து மெடிக்கல் சீட் கை நழுவிப் போனதை ஆளாளுக்கு ஞாபகப்படுத்தினார்கள். அது மட்டும் காரணமில்லை. நான் டெஸ்ட் பண்ணிய சாஃப்ட்வேர் ஆஸ்பத்திரிகளுக்கானது. ஒரு முறை வேலை விஷயமாக ஆஸ்பத்திரிக்கே போய் ஒரு வாரம் நர்ஸுகள் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. திரும்பி வந்த பிறகு என் சீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. இதைவிட நல்ல காரணம் சொல்ல எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

இடம் கிடைத்தது நியூ ஜெர்சியில். கணவரின் ஆபீஸோ அவரை சான்டா கிளாராவை விட்டு நகர விடாது. ஆகவே அவர் அங்கே, நான் இங்கே என்று முடிவாயிற்று. நான் வேலையை விட்டேன். என்னைப் படிப்பில் சேர்த்துக்கொண்டவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் பி கிரேடுக்குக் கீழே போனால் படிப்பிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் பாடப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை ஒப்பித்தவள் நான். இது ஒரு நிபந்தனையா என்று சிரித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் பிஸ்கட்டவேயில் குடியேறினோம். குடியேறினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கணவர் ஒரு வீக்கெண்ட் வந்து கட்டிலையும் மேசையையும் திருகி நிறுத்தினார். அம்மா ஃபோனில் பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்க, நாங்கள் இருவரும் வெறும் ஹாலில் முழங்காலில் நின்றோம். எங்கள் சபையில் பால் காய்ச்சும் வழக்கம் இல்லை என்றாலும், கணவருக்கு காப்பி வேண்டியிருந்ததால் அதுவும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை நெவார்க் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழி தவறி, ஒரே பாலத்துக்கு மறுபடி மறுபடி டோல் கட்டினேன். அந்தப் பாலத்தைப் பார்த்தால் இப்போதுகூட எனக்கு எரிச்சல் வரும்.

எங்கள் அப்பார்ட்மென்ட் வளாகத்தில் சாயங்காலமானால் காரிடார் முழுக்கத் தாளிக்கும் வாசனைதான். ஒரு கதவிலிருந்து பெருங்காயம், ஒரு கதவிலிருந்து நெய், ஒரு கதவிலிருந்து கருவாடு. நான் மட்டும் மாடியில் பிரெட்டும் பீநட் பட்டரும் தின்றுகொண்டிருந்தேன். சமைக்கத் தெரியாமல் இல்லை. ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனசு வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா. நைட்டியின் மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"நான் கீழ்வீடு கண்ணு. மேல காலடிச் சத்தம் கேக்குது, ஆனா ஒரு குக்கர் விசில் சத்தங்கூடக் கேக்கறதில்ல. அதென்ன ஊடுன்னு பாக்க வந்தேன்" என்றார்.

பொள்ளாச்சிக்காரர். அவர் கணவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. ஒரே மகள் வேறு மாநிலத்தில் காலேஜில் படிக்கிறாள். என் வீட்டு வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிஷத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என்னைப் பற்றியும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தூக்கைத் திறந்தால் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய் இன்னும் உருகிக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே தின்ன ஆரம்பித்துவிட்டேன். வெட்கமே இல்லை.

நாங்கள் தூக்குவாளி என்போம், அவர் தூக்குப்போசி என்றார். கனமான பழைய காலத்து எவர்சில்வர். விளிம்பில் புள்ளி புள்ளியாக அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். "என்ற கல்யாணச் சீரு கண்ணு. இத்தன தூரம் தூக்கிட்டு வந்தது இது ஒண்ணுதான்" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பியதே கிடையாது. சமைத்தது இல்லை என்றால் பழம், பழம் இல்லை என்றால் ஒரு கைப்பிடி சர்க்கரை. கழுவித் துடைத்து வெறும் பாத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டினால், இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இதை யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. கை கழுவுகிற மாதிரி கூடவே வந்தது.

அதனால் அந்தப் போசியை நான் கவுன்டரில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தேன். காலேஜ் தொடங்கிவிட்டது. காலையில் லெக்சர், மத்தியானம் லேப். லேபில் என் பார்ட்னர் பத்தொன்பது வயதுப் பெண். பக்கத்து ஊரான எடிசனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் தமிழில் பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். முதல் நாள் நான் பியூரெட்டைத் தப்பாகப் பிடித்திருந்தபோது, "நோ, நோ, ஆன்ட்டி" என்று பதறிக் கையைப் பிடித்தாள். வகுப்பில் நான் யாருக்காவது ஆன்ட்டியாக இருப்பேன் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று முழுக்க வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தேன்.

போசியில் என்ன போட்டுத் தருவது என்ற கவலை மட்டும் போகவில்லை. ஆன்ட்டியை மெயில் பாக்ஸ் பக்கம் பார்த்தபோது பேச்சோடு பேச்சாக, "நீங்க மீன் சாப்பிடுவீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

"மீனா? எனக்கு உசுரு கண்ணு. அங்கிளுக்கு வாசன ஆகாது, அதனாலதான் அடக்கி வாசிக்கறேன்" என்றார்.

போதாதா? கிடைத்த முதல் ஓய்வு சனிக்கிழமை, செப்டம்பர் கடைசி என்று நினைக்கிறேன், நெய்மீன் வாங்கி வந்து, தேங்காய் அரைத்து, புளி கரைத்து, எங்கள் ஊர்க் குழம்பு வைத்தேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் வைத்ததில்லை. போசி நிறைய ஊற்றி, சூட்டோடு கீழே எடுத்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்தது. ஆன்ட்டி புடவை கட்டியிருந்தார், தலை ஈரமாக இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சூடத்தின் வாசனையும் பொங்கலின் வாசனையும் வெளியே வந்தன. என் கையிலிருந்து மீன் வாசனை உள்ளே போனது. ஆன்ட்டியின் முகம் ஒரு கணம் என்னவோ ஆனது. பிறகு, "குடு கண்ணு" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினார். பூஜை போல, தொந்தரவு பண்ணிவிட்டேன் என்று மட்டும் நினைத்தேன். கடமையை முடித்த சந்தோஷத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

சாயங்காலம் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இது என்ன மாசம்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

"செப்டம்பர்."

"புரட்டாசிம்மா. என் டீம்ல ஒருத்தனும் பிரியாணி சாப்பிட வர மாட்டேங்கிறான். அதுவும் இன்னைக்கு சனிக்கிழமை."

சர்ச் காம்பவுண்டுக்குள் வளர்ந்தவளுக்கு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தெரியும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் தெரியும். புரட்டாசி என்றால் கறிக்கடையில் கூட்டம் குறையும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பெருமாளுக்கு விளக்கேற்றி வைத்திருக்கும் வீட்டுக்குள், புரட்டாசி சனிக்கிழமை, அவருடைய கல்யாணச் சீர்ப் போசியில் மீன் குழம்பைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்தப் போசியை இனி அவர் என்ன செய்வார்? தூக்கிப் போட்டுவிடுவாரா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கு அடுத்த நாள் முதல் கெமிஸ்ட்ரி பரீட்சை, முடிந்ததும் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். பரீட்சை முடிந்தபோது யார் முகத்திலும் முழிக்கும் நிலையில் நான் இல்லை. கேள்வித்தாளில் நான் மனப்பாடம் செய்திருந்த எதுவுமே இல்லை. ஒவ்வொரு கேள்வியும் ஏதோ கதை சொல்லிவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேட்டது. என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் இருப்பதைக் கேள், அச்சுப் பிசகாமல் எழுதித் தருகிறேன். மதிப்பெண் வந்தபோது என் பார்ட்னர் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். நல்ல பெண்.

ஆனால் ஆன்ட்டி அனுப்புவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. அவர் கதவைத் தட்டுவதில்லை. நான் காலேஜிலிருந்து வரும்போது கதவின் கைப்பிடியில் ஒரு பை தொங்கும். உள்ளே ஏதாவது ஒரு டப்பா. கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல், ஒரு நாள் ஒப்புட்டு என்று அவர் சொல்லும் போளி. போசி மட்டும் வரவே இல்லை. என்ன ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். தின்னும்போது தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாக இறங்கியது. கழுவி வைத்த பிறகுதான் வதைக்க ஆரம்பிக்கும். காலியாகக் கொடுக்கக் கூடாது. சமைக்க நேரமில்லை. சமைத்தாலும் எந்த மாசம், எந்தக் கிழமை, எது ஆகும், எது ஆகாது?

டப்பாக்கள் சேர்ந்தன. எவர்சில்வர் டப்பா, கண்ணாடி டப்பா, மூடி சிவப்பாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா. அலமாரியில் ஒரு தட்டு நிறைந்து, அடுத்த தட்டுக்கு ஏறியது. நான் முன்படியை விட்டுவிட்டு லாண்டரி ரூம் பக்கத்துப் பின்படியால் ஏற ஆரம்பித்தேன். வீட்டுக்குள் அடி மேல் அடி வைத்து நடந்தேன். என் கையில் ஒரு டிகிரிக்கு இரண்டு டிகிரி இருக்கிறது. மூன்றாவதற்கும் ஆசைப்படுகிறவள். கொள்ளு ரச டப்பாவுக்குப் பயந்து சொந்த வீட்டில் திருடியைப் போல நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது பரீட்சை முதலாவதைவிட மோசம். படிப்பின் ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு, மிக மென்மையாகப் பேசினார். அமெரிக்கர்கள் அவ்வளவு மென்மையாகப் பேசினால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். குறிப்பிட்ட தேதிக்குள் நானே விலகிக்கொண்டால் என் ரெக்கார்டில் ஃபெயில் என்று வராது. அந்தத் தேதி வரப்போகும் திங்கட்கிழமை.

கணவரிடம் சொன்னேன். "வந்துடு. வேலை எங்க போகுது? எனக்கும் இங்க வீடு வீடாவே இல்ல" என்றார். அவர் சந்தோஷப்படுகிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் வருத்தப்பட்டிருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். மெடிக்கல் சீட் போன அன்று பதினேழு வயதில் அழுததைவிட அதிகமாக அழுதேன். அன்றைக்கு கட்ஆஃபைத் திட்ட முடிந்தது. இப்போது திட்ட என்னைத் தவிர யாரும் இல்லை.

முடிவு பண்ணியாயிற்று, கிளம்ப வேண்டியதுதான். சூட்கேஸைத் திறந்து வைத்தேன். அப்போது அலமாரி கண்ணில் பட்டது.

ஊரை விட்டுப் போகும்போது இன்னொருத்தர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போக முடியாது. வாசலில் வைத்துவிட்டு ஓடவும் முடியாது. காலியாகக் கொடுக்க முடியவே முடியாது. கடைசியாக ஒரு முறை சமைத்தே ஆக வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். மீன், முட்டை, கறி எதுவும் கிட்டவே வரக் கூடாது என்று சபதம். அவியல், எரிசேரி, தேங்காய்த் துவையல், பருப்புப் பாயசம். பெரிய டப்பாக்களுக்கு முந்திரிக்கொத்து. வறுத்த பாசிப்பயற்று மாவைச் சூடான கருப்பட்டிப் பாகில் கலந்து, கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடித்துவிட வேண்டும். விட்டால் உதிர்ந்துவிடும்.

சமையலறையில்தான் கெமிஸ்ட்ரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் இதைத் தயங்கித்தான் எழுதுகிறேன். உருட்டிக்கொண்டே வந்தபோது பாகு தீர்ந்துவிட்டது. மாவு அரைக் கிண்ணம் மிச்சம். மாவு எவ்வளவு இருந்தால் என்ன, பாகு எத்தனை உருண்டைக்கோ அத்தனைதான். இரண்டு கையும் மாவாக, நான் அப்படியே நின்றேன். இரண்டாவது பரீட்சையில் கேட்டிருந்த பெரிய கேள்வி இதுதான். எது முதலில் தீரும், தீர்ந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டிருந்தார்கள். நான் அதற்கான சூத்திரத்தை மூன்று விதமாக எழுதிவிட்டு, எதில் எதைப் போடுவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். புத்தகத்தைத் தொட முடியாத கை. வேறு வழியில்லாமல் கேள்வியை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தேன். விடை வந்தது. அடுத்த கேள்வியும் கொஞ்சம் வந்தது. இப்போது வந்து என்ன பிரயோஜனம் என்று, உருண்டைகளைப் பொரிக்க எண்ணெயை அடுப்பில் வைத்தேன்.

மத்தியானம் லாண்டரிக் கூடையில் எல்லா டப்பாக்களையும் அடுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு முன்படியால் இறங்கினேன். ஆன்ட்டி கதவைத் திறந்து, கூடையைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, கடை போடப் போறயா?"

நான் கதவருகிலேயே நின்று, ஒப்பித்து வைத்திருந்ததைக் கொட்டினேன். "சாரி ஆன்ட்டி. அன்னைக்கு புரட்டாசின்னு எனக்கு சத்தியமா தெரியாது. உங்க சீர்ப் போசியில போய் அதை ஊத்திக் குடுத்துட்டேன். பூஜை வேற பண்ணிட்டு இருந்தீங்க. மூஞ்சியக் காட்ட முடியாமதான்..."

"உள்ள வா மொதல்ல. கதவத் தொறந்து வெச்சா ஹீட்டர் காத்தெல்லாம் வெளிய போயிரும்."

உட்கார வைத்தார். கூடையிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

"அந்த மீனுக் கொழம்ப நான் என்ன பண்ணுனேன்னு நெனச்சே?"

"கொட்டியிருப்பீங்க."

"கொட்டறதா! டப்பால மாத்தி, நாலு கவரு சுத்தி, ஃப்ரீசர்ல அடியில வெச்சுட்டேன். அங்கிள் டெய்லி ஃப்ரீசரத் தொறந்து மொறச்சுப் பாத்துட்டே இருந்தாரு. ஐப்பசி மொத நாளு, விடிஞ்சதும் மொத வேலையா சுட வெச்சேன். கால நாஷ்டாவுக்கே இட்லியும் மீனுக் கொழம்பும். அவரே ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்புட்டாரு." சிரித்துவிட்டு, பாயச டப்பாவின் மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தினார். "இந்த ஊருக்கு வந்து எத்தனையோ பேருக்குக் குடுத்துருக்கறேன் கண்ணு. எல்லாரும் நல்லவங்கதான். டிஷ்வாஷர்ல போட்டு, பளபளன்னு, வெறும் டப்பாவக் கொண்டாந்து குடுத்துட்டு தேங்க்ஸ் ஆன்ட்டிம்பாங்க. என்ற பொண்ணு ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போனதுல ஒண்ணுகூடத் திரும்பி வரலை. என்ற போசி நெறஞ்சு திரும்பி வந்தது நீ குடுத்ததுதான் மொத தடவ. அத எந்த மாசம் குடுத்தா என்ன?"

இத்தனை நாள் பின்படியால் ஏறி இறங்கியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் போறேன் ஆன்ட்டி. படிப்பு சரியா வரல. திங்கட்கிழமை காலேஜ்ல சொல்லிட்டு சான்டா கிளாராவுக்கே போயிடறேன். அதான் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்க வந்தேன்."

ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முயற்சியை விடாதே என்பார், அல்லது குடும்பம்தான் முக்கியம் என்பார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்து, "கருப்பட்டியா? நல்லாருக்குது" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தால், என் கதவின் கைப்பிடியில் தூக்குப்போசி தொங்கிக்கொண்டிருந்தது. அதே போசி. விளிம்பில் அதே பெயர். தொட்டால் சூடு. திறந்தால் அரிசிம்பருப்பு சாதம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேற்று முழுக்க நின்று சமைத்து ஒரு வழியாக நேர் பண்ணியிருக்கிறேன். ஒரு நாள்கூட விடாமல் மறுபடியும் கொண்டுவந்து மாட்டினால் என்ன அர்த்தம்? அதுவும் கல்யாணச் சீர்ப் போசி. இதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஊரை விட்டுப் போவது? காலியாக எப்படிக் கொடுப்பது? வீட்டில் ஒரு வெங்காயம்கூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் நேற்றே காலி பண்ணிவிட்டேன். திறந்து கிடந்த சூட்கேஸின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே, போசியோடு தின்றேன். பாதி தின்றபோது அழுகை வந்தது. பிறகு எப்படியோ சிரிப்பும் வந்தது. அடிச்சாதம் வரை வழித்துத் தின்றேன்.

திங்கட்கிழமை காலேஜிலிருந்து திரும்பும் வழியில் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கினேன். இந்தப் போசியை நிறைத்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்றுதான் அப்போதும் சொல்லிக்கொண்டேன். விலகிக்கொள்வதற்கான நேரம் அன்று சாயங்காலத்தோடு முடிந்தது. அது முடிந்தபோது எனக்குத் தெரியும், மறந்துவிடவில்லை. அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பரீட்சையின் மூன்றாவது கேள்வியை மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கரண்டியை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போசி கீழே போயிற்று. வெள்ளிக்கிழமை சந்தகையோடு, அதாவது அவர் ஊர் இடியாப்பத்தோடு, மேலே வந்தது. அப்படியே செமஸ்டர் முழுக்க ஏறி இறங்கியது. அதை நிறைப்பதற்காக வாரத்துக்கு இரண்டு தடவை அடுப்பு மூட்டினேன். அடுப்படியில் நிற்கும் நேரமெல்லாம் புத்தகமில்லாமல் யோசித்தேன். மனப்பாடம் என்ற பழக்கம் பாதியாவது போனது. கடைசிப் பரீட்சை நன்றாகவே எழுதினேன். பி-க்குக் கீழே போகவில்லை, மேலேயும் போகவில்லை. அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துவிட்டு நான் முதலில் ஓடியது மாடிப்படியில்தான், கீழ்நோக்கி. அம்மாவுக்கும் கணவருக்கும் அப்புறம்தான் ஃபோன் பண்ணினேன். கணவர் இதை இன்னும் சொல்லிக்காட்டுவார்.

இரண்டு வருடம் அந்த மாடியில் இருந்தேன். இப்போது யோசித்தால் என் வாழ்க்கையில் அவ்வளவு ஏழையாக, அவ்வளவு தனியாக, அவ்வளவு நிறைவாக நான் இருந்ததில்லை. ஸ்னோ விழுந்த நாட்களில் ஆன்ட்டியின் டைனிங் டேபிளில் உட்கார்ந்து படித்தேன். அவர் எதிரில் பூண்டு உரிப்பார். பேச மாட்டார். நான் தலையைத் தூக்கினால் மட்டும், "காப்பியா?" என்பார். அந்தக் குரலுக்கு ஏங்கிப்போகும் நாட்கள் இன்றைக்கும் உண்டு.

டெக்ஸாஸில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கணவரும் அங்கேயே வேலை மாற்றிக்கொண்டார். கிளம்பும் நாள் நெய்மீன் வாங்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். வைப்பதற்கு முன் தமிழ்க் காலண்டரைப் பார்த்தேன். ஆனி மாசம், புதன்கிழமை, அமாவாசையும் இல்லை, கிருத்திகையும் இல்லை. போசி நிறைய ஊற்றி, ஆன்ட்டியிடம் கொடுத்தேன். அங்கிளுக்கு வணக்கம் சொன்னேன். கணவர் வெளியே காரில் காத்திருந்தார்.

ஆன்ட்டி குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். போசியைத் தேய்த்துக் கழுவினார். துண்டால் உள்ளும் வெளியும் துடைத்தார். வழிக்கு ஏதாவது போட்டுத் தரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூடியை மூடி, அப்படியே என் கையில் கொடுத்தார்.

லேசாக இருந்தது. திறந்து பார்த்தேன்.

"என்ன ஆன்ட்டி, வெறும் போசியக் குடுக்கறீங்க?"

"ஆமா, வெறும் போசிதான். நெறச்சுக் குடுத்தா தின்னுபோட்டு மறந்துருவே" என்றார். குரல் உடைந்ததை மறைக்கச் சத்தமாகப் பேசினார். "நீதான் நெறச்சு எடுத்துட்டு வரோணும். டாக்டராகி வா."

காரில் ஏறி, நியூ ஜெர்சியைத் தாண்டும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

அங்கிள் ரிட்டயராகி அவர்கள் பொள்ளாச்சிக்கே போய்விட்டார்கள். நான் ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்ட், அதாவது பயிற்சி டாக்டர். போன மாதம்தான் என் பெயருக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்து போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்தினேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து போசியை இறக்கினேன். இத்தனை வருடங்களில் நான் அதில் ஒரு பருக்கையும் போட்டதில்லை. புளி போட்டுத் தேய்த்து, விளிம்பிலிருந்த பெயரைத் துணியால் துடைத்துவிட்டு, ஆன்ட்டிக்கு ஃபோன் பண்ணினேன். டிசம்பர் லீவில் வருகிறேன், அம்மா வீட்டில் இறங்கி, அங்கேயே குழம்பு வைத்து, ரயிலில் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"மார்கழி கண்ணு" என்றார் ஆன்ட்டி. "பரவால்ல. ஃப்ரீசரு இங்கயும் இருக்குது."